புதுச்சேரியிலிருந்து காரைக்கால்: ஒரே நாளில் 130 கிலோமீட்டர் நன்கொடைச் சைக்கிள் பயணம், முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்த ஆறு வாரமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில்தான் போய் வந்தோம். திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும். சிகிச்சைக்குப் பெரிதாகச் செலவு ஆகவில்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆனது. நான் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளமும் போனது. எங்களுக்காவது பக்கத்து ஊர். காத்திருக்கும் பெஞ்சில் எங்களோடு உட்காரும் ஓர் அக்கா சீர்காழியிலிருந்து வருவார். இரவு மூன்று மணிக்கே எழுந்தால்தான் நேரத்துக்கு வந்து சேர முடியும். ஒரு நாள் அவர் வரவில்லை. மறுநாள் கேட்டபோது, "கையில காசில்ல தம்பி, அதான் நேத்து வரல" என்றார். கதிர்வீச்சை ஒரு நாள் விட்டுவிட்டு மறுநாள் எடுத்துக்கொள்வது நல்லதில்லை என்று டாக்டர்கள் அத்தனை முறை சொல்லியிருந்தும், பஸ் காசு இல்லாமல் அந்த நாள் போயிற்று.

அந்த அக்கா வந்த சாலையில்தான் இப்போது தை, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறேழு பேர் சைக்கிளில் போகிறோம். புதுச்சேரி கடற்கரையில் கிளம்பி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால் கடற்கரை. ஏறக்குறைய 130 கிலோமீட்டர். இரண்டு முனையும் ஒரே யூனியன் பிரதேசம், நடுவில் தமிழ்நாடு. சேரும் பணம் வெளியூர் நோயாளிகளின் பஸ் செலவுக்கும், கூட வருகிறவர்களின் சாப்பாட்டுக்கும் போகிறது.

இதைச் செய்ய விளையாட்டு வீரராக இருக்க வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள் ஓட்ட நேரமும் நான்கு மாதப் பொறுமையும் இருந்தால் சாதாரண ஆரோக்கியம் உள்ளவர்களால் முடியும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பவர்கள் நீங்கள் போய்ச் சேர்வீர்கள் என்று நம்பிக் கொடுக்கிறார்கள். கீழே நான் சொல்லும் ஒவ்வொன்றும் அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

முதலில் பணம் போகும் வழி

சைக்கிளைத் தொடுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். யாருக்காக ஓட்டுகிறீர்கள், அந்தப் பணம் எந்தச் செலவுக்குப் போகும் என்பதை ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். "ஏழைகளுக்கு உதவி" என்றால் யார் மனதிலும் ஒன்றும் தோன்றாது. "சீர்காழியிலிருந்து சிகிச்சைக்கு வரும் ஒருவரின் ஆறு வார பஸ் செலவு" என்று சொன்னால் கேட்பவருக்குக் கண்ணில் தெரியும், அவரே கணக்குப் போட்டுப் பார்ப்பார்.

பணத்தை உங்கள் சொந்த ஜிபே எண்ணில் வாங்காதீர்கள். நல்ல மனதோடுதான் வாங்குவீர்கள், ஆனால் மூன்றாவது மாதத்தில் எது உங்கள் பணம், எது அவர்கள் பணம் என்று பிரிப்பது பெரும்பாடாகிவிடும். பதிவு பெற்ற, வரவு செலவைத் தணிக்கை செய்கிற ஓர் அறக்கட்டளையோடு முன்கூட்டியே பேசி, அவர்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கும் கியூஆர் அட்டைக்கும் நேராகப் போகும்படி செய்யுங்கள். அவர்களுக்கு 80ஜி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கொடுப்பவருக்கு வருமானவரியில் கழிவு கிடைக்கும். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. இதை முன்பே சொல்லிவிட்டால் பிறகு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நம் பகுதிக்கென்றே இன்னொரு விஷயம் இருக்கிறது. பிரான்சில் சித்தப்பாவோ மாமாவோ இல்லாத தெரு புதுச்சேரியிலும் காரைக்காலிலும் குறைவு. ஆசையாக அனுப்புவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ தன் சொந்தச் சம்பாத்தியத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் அனுப்பினால், அவர் முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்தவராகவே இருந்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும், பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவு இல்லாத அறக்கட்டளை என்றால் அந்த உறவினரிடம் விஷயத்தைச் சொல்லி, அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேட்கும் முறைக்கு நான் நம்புவது மொய் நோட்டுதான். கல்யாண வீட்டில் வைப்பது போலவே நீளமான நோட்டு, பெயர், ஊர், தொகை. 51, 101, 501 என்று எழுதும்போதே கொடுப்பவருக்கு இது நம் வீட்டு விசேஷம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சிலர் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுப்பார்கள். கிலோமீட்டருக்கு 10 ரூபாய் என்றால் காரைக்கால் சேர்ந்ததும் 1,300. கியூஆரில் அனுப்பியவர்களின் பெயரையும் அதே நோட்டில் எழுதிவிடுங்கள். டி-ஷர்ட், வண்டி வாடகை, டீசல் ஆகிய எதையும் நன்கொடையிலிருந்து எடுக்காதீர்கள். அது ஓட்டுகிறவர்களின் கைச்செலவு. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

எந்த நாள், எந்தத் திசை

இதைக் கேட்க கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிராமலே சொன்னார்: "மாசி பாதி வரைக்கும் வாடையும் கொண்டலுந்தான் தம்பி. அப்புறம் சோழகம் எடுத்துடும். தெக்க போறதுன்னா அதுக்குள்ள போயிடு." வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து வரும் காற்று. தை மாதத்தில் புதுச்சேரியிலிருந்து தெற்கே போனால் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அதே பயணத்தைப் பங்குனியில் வைத்தால் மதியம் முழுக்க முகத்தில் அறையும். பிறகு செய்ய நேர்ந்தால் காரைக்காலில் ஆரம்பித்து வடக்கே வாருங்கள்.

கார்த்திகை, மார்கழியில் தேதி வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பொங்கல் வாரம் சாலையே ஊருக்குப் போகிறவர்களால் நிரம்பியிருக்கும். சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு போகும் வண்டிகள் காரைக்கால் பக்கம் குவியும். பெரிய முகூர்த்த நாளில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று கார்கள் சாலை வரை நிற்கும். ஆக, பொங்கல் கழிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிறு.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. பேனர், மைக், நூறு பேர் என்று ஊர்வலமாகப் போவதானால் காவல்துறை அனுமதி வேண்டும். இந்தப் பாதையில் புதுச்சேரி, கடலூர், மயிலாடுதுறை, காரைக்கால் என்று நான்கு எல்லைகள் வருகின்றன. முதல் முறை ஓட்டுகிறவர்கள் ஆறேழு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்கு மாதப் பயிற்சி

சைக்கிள் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் பன்னிரண்டு வாரம் என்று சொல்லும். நம் கடற்கரையில் அந்தப் பன்னிரண்டு வாரத்தில் பாதி மழையில் போய்விடும். அதனால் ஆயுதபூஜை அன்றே ஆரம்பியுங்கள். அன்றைக்குச் சைக்கிளைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டு, மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஏறிவிட வேண்டியதுதான்.

ஐப்பசி முழுக்க வாரத்தில் இரண்டு நாள் 15, 20 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை 30, 40. கடலூரில் இருப்பவர்கள் புதுச்சேரி கடற்கரை வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால் 45 ஆகிவிடும். வேகத்தைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஓட்டுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் குறையுங்கள். வாரத்துக்கு வாரம் மொத்தத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், முழங்காலும் தசைநாரும் மெதுவாகத்தான் பழகும்.

மழை நாட்களில் ஓட்ட வேண்டாம். தேங்கிய தண்ணீருக்கு அடியில் குழி எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் படி ஏறி இறங்குங்கள், தோப்புக்கரணம் போடுங்கள். இருக்கும் பலத்தைக் காப்பாற்றினால் போதும்.

மார்கழி பிறந்ததும்தான் உண்மையான பயிற்சி. விடிகாலையில் ஒவ்வொரு ஊர்க் கோயிலிலிருந்தும் பாட்டு கேட்கும், சாலை காலியாக இருக்கும், வெயில் ஏறினாலும் சுடாது. ஞாயிறுகளில் 60, 75, 90 என்று ஏறுங்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் போய்த் திரும்பினால் 90. திரும்பும்போது வாடை எதிரில் வரும். வேண்டுமென்றே அப்படி ஓட்டுங்கள். காற்றோடு மல்லுக்கட்டாமல் கியரைக் குறைத்து, கால் சீராகச் சுற்றும்படி வைத்துக்கொண்டு பொறுமையாகப் போகக் கற்றுக்கொள்வது அங்கேதான். நிமிடத்துக்கு 80 சுற்று வந்தால் நல்லது. பெரிய கியரில் மிதித்து மிதித்துப் போகிறவர்கள் எண்பதாவது கிலோமீட்டரில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரே ஒரு 100 கிலோமீட்டர். அதோடு சரி. கடைசி வாரம் 15 கிலோமீட்டர் இரண்டு தடவை போதும். பயத்தில் கடைசி நாட்களில் நிறைய ஓட்டினால் களைத்த காலோடுதான் கிளம்புவீர்கள். 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, நெஞ்சு சம்பந்தமான தொந்தரவு உள்ளவர்கள் பயிற்சி ஆரம்பிக்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

சைக்கிள்

விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. எங்களில் ஒருவர் சாதாரண கியர் சைக்கிளில்தான் வருகிறார். முக்கியமானது சீட்டின் உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் அளவு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயரம் அதிகம். ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர் மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கடலோரக் காற்றில் உப்பு இருப்பதால் செயின் இரண்டு வாரத்தில் துருப்பிடித்துவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் செயின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடையுங்கள். டயரில் காற்றழுத்தம், அகலமான மலைச் சைக்கிள் டயருக்கு 40-50 பிஎஸ்ஐ (பம்பின் மீட்டரில் காட்டும் அளவு), ஹைப்ரிட் வண்டிக்கு 50-70, மெல்லிய டயருக்கு 80-100. டயரின் ஓரத்திலேயே அதிகபட்ச அளவு அச்சடித்திருக்கும், அதைத் தாண்ட வேண்டாம்.

பஞ்சர் போடத் தெரியாமல் கிளம்பாதீர்கள். ஒரு வருஷம் புதுச்சத்திரம் தாண்டி எங்கள் நண்பரின் பின் டயர் இறங்கியது. ட்யூபை மாற்றி ஐந்து நிமிடம் ஓட்டினார், மறுபடி இறங்கியது. டயரை முழுதாகக் கழற்றி, உள்பக்கம் விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்று சுற்றியபோது ஓரிடத்தில் சுருக்கென்றது. முடி கனத்தில் ஒரு கம்பி. கண்ணுக்கே தெரியவில்லை, நகத்தால் நிமிண்டி எடுத்தோம். வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் கம்பி இது, நெடுஞ்சாலை ஓரம் முழுக்கக் கிடக்கும். இதற்குள் இருந்த ட்யூப் இரண்டும் போய்விட்டது. ஒட்டுப் போட்டு, பக்கத்துப் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், கடைக்காரர் வால்வைப் பார்த்துவிட்டு, "இந்த வாய்க்கு நம்ம பம்பு ஏறாதுண்ணே" என்றார். மெல்லிய டயர் வண்டிகளில் வருகிற பிரெஸ்டா வால்வு அது. அன்றிலிருந்து விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று எங்கள் எல்லோர் பையிலும் இருக்கிறது. கூடவே ஆளுக்கு இரண்டு ட்யூப், இரண்டு டயர் லிவர், ஒட்டு, கைப்பம்பு, அலன் கீ.

ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் சாலை தெரியும் அளவுக்கு வெளிச்சம், ஒளிரும் பட்டை வைத்த பனியன் இவையெல்லாம் கட்டாயம். திண்டு வைத்த சைக்கிள் கால்சட்டை வாங்குங்கள், அதற்குள் ஜட்டி போடாதீர்கள், தையல்தான் தோலை உரிக்கும். தொடை இடுக்கில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். புதுச் சட்டை, புதுச் செருப்பு எதையும் அன்றைக்கு முதல் தடவையாகப் போடாதீர்கள்.

உப்பு, தண்ணீர், சாப்பாடு

முதல் வருஷம் நான் காரைக்கால் போய்ச் சேரவில்லை. ஆக்கூர் பக்கத்தில், இன்னும் 25 கிலோமீட்டர் இருக்கும்போது, இரண்டு தொடையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. இறங்கக்கூட முடியவில்லை, நண்பர்கள்தான் தாங்கி இறக்கினார்கள். காலையிலிருந்து வெறும் தண்ணீரும் இளநீரும் மட்டும் குடித்திருந்தேன். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். உப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், பயிற்சியில் 70 கிலோமீட்டருக்கு மேல் நான் போகாததும் காரணம்தான். மீதியை வண்டியில் போனேன். கிலோமீட்டர் கணக்கில் வாக்குக் கொடுத்தவர்களிடம் 105 கிலோமீட்டருக்குத்தான் வாங்கினேன். பலர் முழுசாகக் கொடுக்க வந்தார்கள், மனம் கேட்கவில்லை.

அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடியுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம், கால் மணிக்கு ஒரு தடவை நாலு மடக்கு. இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டு ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் ஓஆர்எஸ். மருந்துக் கடையில் கிடைக்கும், உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்த பொடியாக இருக்கட்டும். ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட், அளவு மாற்றாதீர்கள். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்பு பானங்கள் அது இல்லை. அப்படிப்பட்டவை ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. வழியில் உப்பு போட்ட நீர்மோர் கிடைத்தால் விடாதீர்கள். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும்.

சாப்பாடு, பசிக்கும் முன்பே. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உடம்புக்கு வேண்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் என்று மாற்றி மாற்றி அரை மணிக்கு ஒரு தடவை. வடை, பூரி, பரோட்டா எல்லாம் காரைக்கால் போன பிறகு. முந்தின இரவு வீட்டுச் சாப்பாடு, சோறு கொஞ்சம் கூடுதலாக. பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் அன்று வாயில் வைக்காதீர்கள்.

அந்த நாள்

காலை 4.30-க்குக் காந்தி சிலை. கடற்கரைச் சாலையில் மாலை முதல் காலை 7.30 வரை மோட்டார் வண்டிகள் கிடையாது, அதனால் நிம்மதியாகக் கூடி, பிரேக், காற்று, விளக்கு பார்த்துவிட்டுக் கிளம்பலாம். வரிசைக்கு முன்னால் சாலை தெரிந்த ஒருவர், கடைசியில் பொறுமையான, பஞ்சர் போடத் தெரிந்த ஒருவர். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பதே எங்கள் ஒரே சட்டம்.

அரியாங்குப்பம், நோணாங்குப்பம் பாலம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில். முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. சனிக்கிழமை இரவுக் கூட்டம் திரும்பும் நேரம் இது, எல்லை ஓரத்தில் வேகமாகவும் கோணலாகவும் வண்டி வரும். பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போகாமல் ஒற்றை வரிசையாகப் போங்கள். தென்பெண்ணைப் பாலம் வந்தால் கடலூர், 23 கிலோமீட்டர் முடிந்தது. உடம்பு சூடேறியிருக்கும், எல்லோருக்கும் வேகம் போகத் தோன்றும். போகாதீர்கள்.

கடலூர் முதல் சிதம்பரம் வரை 45 கிலோமீட்டர், இந்தப் பயணத்திலேயே நீளமான துண்டு. சிப்காட் பகுதியில் லாரிகள் திரும்பும், கரும்பு டிராக்டர்கள் விளக்கே இல்லாமல் போகும். ஆறரை மணிக்கு ஆலப்பாக்கம் பக்கம் விடியும். நான்குவழிச் சாலையில் இடது ஓரமாகப் போங்கள். ஆனால் அந்த ஓரத்திலேயே எதிர்த்திசையில் பைக்குகள் வரும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸை இடதுபக்கமாகத் தாண்டவே கூடாது. பைபாஸ் வேகம், ஆனால் நிழலும் இல்லை, கடையும் இல்லை. நேரம் இருப்பதால் நாங்கள் முடிந்த இடத்தில் எல்லாம் ஊருக்குள் போகும் பழைய சாலையைத்தான் எடுப்போம்.

பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம், அப்புறம் சிதம்பரம். 68 கிலோமீட்டர், நேரம் எட்டரை ஒன்பது. இங்கே முக்கால் மணி நேரம் உட்காருங்கள். இட்லியும் கத்திரிக்காய் கொத்சும், நாலு இட்லி போதும். பாட்டில்களை நிரப்பி, முகம் கழுவி, சன்ஸ்கிரீன் மறுபடி தடவி, யாருக்கு எங்கே வலிக்கிறது என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். வலியை மறைப்பவர்களைத்தான் பிறகு ஆக்கூரில் தாங்கி இறக்க வேண்டியிருக்கும்.

வல்லம்படுகை தாண்டிக் கொள்ளிடம் பாலம். பாலத்தில் நிற்காதீர்கள், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கிழக்குக் காற்று பக்கவாட்டில் தள்ளும், கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு நேராகப் போங்கள். இதற்குத் தெற்கே டெல்டா. தை, மாசி சம்பா அறுவடைக் காலம் என்பதால் சாலையில் பாதியில் நெல் காயும், சில இடத்தில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். காய்ந்த நெல்மேல் மெல்லிய டயர் வழுக்கும். அதன்மேல் ஏறாமல் சுற்றிப் போங்கள், முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். அது அவர்களின் ஆறு மாத உழைப்பு.

சீர்காழி, 88 கிலோமீட்டர். நான் எப்போதும் பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு டீ குடிப்பேன். இங்கேதான் அந்த அக்கா இருட்டில் பஸ்ஸுக்கு நின்றிருப்பார்.

இதற்குப் பிறகு வெயில் தலைக்கு மேல். ஆக்கூர், திருக்கடையூர், தரங்கம்பாடி என்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிழலில் நில்லுங்கள். கை மரத்தால் பிடியை மாற்றுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சீட்டிலிருந்து எழுந்து மிதியுங்கள். யாருக்காவது வியர்வை நின்று உடம்பு அனலாகக் கொதித்தால், பேச்சு குழறினால், அவருக்குப் பயணம் அங்கேயே முடிந்தது. நிழலில் படுக்கவைத்து, தண்ணீர் ஊற்றி விசிறி, 108-ஐக் கூப்பிடுங்கள். நெடுஞ்சாலையில் விபத்து என்றால் 1033 எண்ணும் இருக்கிறது. தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைப் பார்க்க ஆசை வரும். பாருங்கள், ஆனால் உட்கார்ந்துவிடாதீர்கள். ஆறிப்போன கால் மறுபடி கிளம்ப மறுக்கும்.

நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆடாக்ஸ் என்ற நெடுந்தூரச் சைக்கிள் முறையில் 200 கிலோமீட்டருக்கே 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். ஓய்வையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் கூட ஆகாது. அதே கணக்கில் நீங்கள் மதியம் ஒன்றரை மணிக்குள் காரைக்காலில் இருக்கலாம். நாங்கள் வழக்கமாக இரண்டரை, மூன்று மணிக்குத்தான் சேர்கிறோம். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நிற்கும்போது, பேச யாருக்கும் வார்த்தை வராது.

திரும்பிய பிறகு

சைக்கிளில் திரும்ப நினைக்காதீர்கள். டாட்டா ஏஸ் ஒன்று முன்பே பேசி வையுங்கள், பழைய போர்வை நாலு எடுத்து வரச் சொல்லுங்கள். வண்டிகளுக்கு நடுவில் போர்வையை மடித்து வைத்து, கியர் இருக்கும் வலப்பக்கம் எதிலும் அழுந்தாமல் கட்டுங்கள். அந்த வண்டி நாள் முழுக்கப் பின்னாலேயே வந்தால் பாதுகாப்புக்கும் ஆயிற்று. வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் நல்ல தண்ணீரில் சைக்கிளைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

மறுநாள் மொய் நோட்டோடு அறக்கட்டளையில் உட்கார்ந்து வங்கிக் கணக்கோடு ஒவ்வொரு வரியையும் ஒத்துப்பாருங்கள். வாக்குக் கொடுத்து இன்னும் அனுப்பாதவர்களுக்கு ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் வேண்டாம். ஒரு வாரத்துக்குள் மொத்த வரவு எவ்வளவு, எத்தனை பேருக்கு எத்தனை வார பஸ் செலவு ஒதுக்கியாயிற்று என்று ஒரு பக்கத்தில் எழுதி, நோட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்புங்கள். நோயாளிகளின் பெயரும் படமும் அதில் வேண்டாம். செல்போன் இல்லாதவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். எங்கள் நோட்டில் முதல் பெயர் மஞ்சக்குப்பத்தில் பூக்கட்டும் ஒரு பாட்டியுடையது, 51 ரூபாய். அவரிடம் நேரில் போய்த்தான் கணக்கைப் படித்துக் காட்டுவோம்.